குண்டடத்துப் பாறையும் மூன்று கிலோ வண்டியும்

பலகையின் ஓர் ஓரத்தைப் பிட்டர் அண்ணன் இரண்டு கையாலும் மெல்லத் தூக்குகிறார். பலகைமேல் குறுக்குவாட்டில் நிற்கிறது ஒரு ஜீப். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு. மேட்டுப் பக்கச் சக்கரங்கள் இரண்டின் அடியிலும் துண்டுக் காகிதம். லேத் பட்டறைத் தம்பி அந்தக் காகிதங்களின் நுனியைச் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறார். காகிதம் வர மறுக்கிறவரை சக்கரத்தில் பாரம் இருக்கிறது. சுவரில் சாக்கட்டியால் பாகை குறித்திருக்கிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் பின்சக்கரக் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பலகை அங்கேயே நின்றது.

"முன்னாடி புடிச்சிருக்குங்க. பின்னாடிதான் உட்டுருச்சு. அந்தக் கேரியரக் கழட்டுங்க தம்பி" என்றார் பிட்டர்.

கூரைமேல் இருந்த கேரியர் வெகு அழகானது. கம்பியை வளைத்து, பற்றவைத்து, தார்ப்பாய் மடிப்பு, தண்ணீர்க் கேன், கயிற்று முடிச்சு எல்லாம் வைத்துச் செய்தது. மனமில்லாமல்தான் கழற்றினார்கள். மறுபடி தூக்கியபோது காகிதம் ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் வழுக்கியது.

குண்டடம் பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது. சனிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர்களும் கொங்கு வடுகநாதர் கோயிலுக்கு வருகிறவர்களும் அறிந்த ஊர். மேற்கு மலைகளின் மழை மறைவில் கிடக்கிற மண். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள், உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், தூரத்தில் காற்றாலைகள். மண் ஆழம் இல்லாத இடத்தில் பாறை வெளியே தெரியும். விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் நிதானமாக எழுகிறது. தறிகளை எடுத்துவிட்டுக் காலியாகக் கிடக்கும் குடோன் ஒன்றில் அன்றைக்கு இந்த வேலை நடக்கிறது.

ரிமோட் வண்டி என்றதும் நம் மனசில் ஓடுவது பந்தயம். இது அதற்கு நேரெதிர். கிராலர் என்கிற இந்த வகை பாறையில் ஊர்வதற்கென்றே பிறந்தது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-இல் கிளாட் பஸ்டர் என்ற பெருஞ்சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். அமெரிக்காவில் இதில் பித்துப் பிடித்தவர்கள் அந்த அச்சுகளைக் கழற்றி, தாங்களே செய்த சட்டத்தில் மாட்டி, பாறைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். கம்பெனிகள் பின்னால்தான் வந்தன. ஆக்சியல் இதற்கென்றே வண்டி செய்து விற்றது. 2017-இல் டிராக்ஸஸின் டிஆர்எக்ஸ்-4 வந்தது. சக்கரத்தின் மையத்தைவிட உயரத்தில் அச்சு ஓடும் போர்ட்டல் அமைப்பும், ஓட்டும்போதே ரிமோட்டில் பூட்டித் திறக்கும் டிஃபரன்ஷியலும் அதில் இருந்தன. ஆனால் பட்டறையில் பிரித்துக் கட்டுகிற பழக்கம் கம்பெனிக்கு முந்தியது. அதனால்தான் பெட்டியிலிருந்து எடுத்த வண்டியை அப்படியே ஓட்டுகிறவரை இந்தக் கூட்டத்தில் காண்பது அரிது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வேலையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். இரண்டு டன் ஜீப்புக்கு இரண்டு கிலோ. இங்கே நான் தூக்கிப் பார்த்த வண்டிகள் மூன்று கிலோவை ஒட்டி இருந்தன; பித்தளை ஏற்றிய கணக்கு அது. புவியீர்ப்பை மட்டும் யாராலும் பத்தில் ஒன்றாக்க முடியாது. சின்ன வண்டி விழுந்தால் வெடுக்கென்று விழுகிறது, உருண்டால் சடசடவென்று உருள்கிறது. கண்ணுக்கு நிஜ ஜீப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அது நிஜத்தின் வேகத்தில் பத்தின் வர்க்கமூலத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் போக வேண்டும். நிஜ ஜீப் பாறைமேல் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் இது ஒன்றரை. இந்த ஒன்றரையை நடுங்காமல், திக்காமல் கொண்டுவருவதுதான் இவர்களுடைய தொழில் என்றே சொல்லிவிடலாம்.

பிட்டர் அண்ணன் பல வருஷமாக நிட்டிங் மெஷின் பார்க்கிறவர். 30 டயா, 24 கேஜ் மெஷினில் 2,200-க்கு மேல் ஊசி இருக்கும். அதில் ஒன்று கோளாறானாலும் துணி நெடுக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து எந்த ஊசி என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இங்கேயும் அவர் முதலில் செய்வது அதுதான். வண்டியைத் தூக்கிப் பிடித்து, ரிமோட்டின் டிரிகரை மயிரிழை அளவு அழுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டுக் காது கொடுக்கிறார். ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' வந்தால் அச்சின் பெரிய கியரில் சந்தேகம். அதைவிடப் பலமடங்கு வேகமாக வந்தால் மோட்டார்ப் பக்கத்துப் பினியன். இந்த வண்டிகளில் சக்கரம் ஒரு தரம் சுற்ற மோட்டார் நாற்பது தரம் அளவில் சுற்ற வேண்டும் என்பதால் இரண்டு ஓசையும் காதுக்குத் தனித்தனியே விழுந்துவிடுகிறது.

மோட்டாரைக் கேட்டேன். "வேகம் வேண்டாங்க, பலந்தான் வேணும்" என்று ஆரம்பித்தார். கம்பிச் சுருள் அதிகம் சுற்றிய மோட்டார் மெதுவாகச் சுற்றும். இழுக்கிற ஒவ்வொரு ஆம்பியருக்கும் முறுக்கு விசை கூடும். அதனால் 35 சுற்று, 45 சுற்று, 55 சுற்று என்று போகிறார்கள். டிரிகரை விட்டதும் மோட்டாரே பிரேக்காகி வண்டியைச் சரிவில் நிறுத்திவிட வேண்டும். அந்த டிராக் பிரேக்கை ஸ்பீட் கண்ட்ரோலரில் முழு அளவுக்கு வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற கணக்கில் கூடுதலாகச் சுற்றும்படி கியர் மாற்றுவதும் உண்டு. ஏற்றத்தில் முன்னங்கால் பற்றி இழுக்கும், பின்னங்கால் தள்ளிக் கவிழ்க்காது. நான் இவ்வளவு நாள் ஏறுவது என்றால் பின்னாலிருந்து தள்ளுவது என்றே நினைத்திருந்தேன்.

இனி பித்தளை. அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், பித்தளை எட்டரை கிராம். ஒரே இடத்தில் மூன்று மடங்கு பாரம். லேத் தம்பி முன்சக்கர நக்கிள், டிஃபரன்ஷியல் மூடி, வீலுக்குள் போகும் வளையம் எல்லாவற்றையும் பித்தளையில் கடைந்து வைத்திருக்கிறார். பம்ப் பாகங்கள் கடைகிற அதே மெஷினில், வேலை முடிந்தபின் முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்தது. இடது, வலது சக்கர மையங்களுக்கிடையே 200 மில்லிமீட்டர், பாரத்தின் மையம் தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் என்றால், ஸ்பிரிங்கும் டயரும் அமுங்காத கணக்கில், வண்டி 51 பாகைவரை சாய்ந்து நிற்கும். அந்த 80-ஐ 65 ஆக்கினால் 57. கேரியரைக் கழற்றச் சொன்னதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது. எடை முன்னால் அறுபது பங்கு, பின்னால் நாற்பது பங்கு இருக்கவேண்டும் என்பது இவர்கள் வைத்திருக்கும் அளவு. சமையலறைத் தராசு இரண்டை வாங்கி, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று வைத்து நிறுக்கிறார்கள்.

பித்தளையை அள்ளி ஏற்றுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்த பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அது மையத்தைத் தாழ்த்துகிறது, சரி. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்டியரிங் திருப்பும்போதும் அந்தப் பாரத்தையும் சேர்த்தே சர்வோ திருப்புகிறது, அச்சுக்குள் இருக்கும் மூட்டு அதைச் சுமக்கிறது. எடையைக் கூட்டி வாங்கும் நிலைத்தன்மையில் பாதியை, மேலே இருப்பதைக் குறைத்தே வாங்கலாம். நான் போன அன்று அந்தக் கேரியர் அதைக் காட்டிவிட்டது.

மேலே இருப்பதில் பெரியது பாடி. இரண்டு வகை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது கதவு, கைப்பிடி, திருகு எல்லாம் உரு எடுத்துத் தெரியும், ஆனால் கனம். லெக்ஸான் என்கிற பாலிகார்பனேட் தகடு மெல்லியது, கண்ணாடி போன்றது. அதற்கு உள்பக்கம்தான் வண்ணம் அடிக்க வேண்டும். பிட்டரின் அண்ணன் மகள் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டேபிளில் நிற்கிறவர். அவர்தான் இங்கே பெயின்டர். துணியில் பிரிண்ட் போடும்போது வெளிர் நிறத்தை முதலில் போட்டு, அடர் நிறத்தைக் கடைசியில் போட்டுப் பழகிய கை. லெக்ஸானில் எல்லாம் தலைகீழ். வெளியிலிருந்து பார்க்கிறபோது முன்னால் தெரிய வேண்டிய சேற்றுத் தெறிப்பு, துரு, கதவுக் கோடு இவற்றை முதலில் அடித்து, வண்டியின் நிறத்தைக் கடைசியில் அடிக்க வேண்டும். அடித்தபின் திருத்த வழியில்லை. கதவின் கீழோரத்தில் அவர் வைத்திருந்த துரு வெறும் காவி நிறம் அல்ல. மழைத் தண்ணீர் வடிந்து நிற்கும் மடிப்பில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறது. ஊரில் நிற்கும் பழைய ஜீப்பை உட்கார்ந்து பார்த்தவர் அடித்த துரு.

"அம்மிணி கை பட்டா வண்டி கனமாத் தெரியுது. கையில எடுத்தாத்தான் லேசுன்னு தெரியும்" என்றார் பிட்டர். அண்ணன் மகள் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தானுங்க சித்தப்பா அடிக்கறது" என்றார்.

டயருக்குள் காற்று அடைப்பதில்லை. உள்ளே பஞ்சு போன்ற ஃபோம் வளையம். ரிம்மில் சிறு துளை, அழுந்தும்போது காற்று வெளியேற. ஃபோம் கெட்டியாக இருந்தால் டயர் கல்லின் முனையில் மட்டும் தொடும், மிக மென்மையாக இருந்தால் சரிவில் மடிந்து வண்டி கவிழும். அதனால் வெளிவட்டத்தைக் கத்தரியால் பல்லுப் பல்லாக வெட்டிவிட்டு, உள்வட்டத்தை அப்படியே விடுகிறார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, படலைத் திறந்து, ஆடு வெளியேறாமல் சாத்திவிட்டு, கொறங்காட்டுக்குள் இருக்கும் பாறைக்குப் போனோம். கல்லிடுக்கில் விரல் உயரக் குச்சிகளை இரண்டிரண்டாக நட்டார்கள். அதுதான் கேட். அமெரிக்காவில் நடக்கும் போட்டி விதிகளை ஒட்டி, குச்சியைத் தொட்டால் 10 புள்ளி, பின்னால் எடுத்தால் 1 புள்ளி. புள்ளி குறைந்தவருக்கு வெற்றி. பின்வாங்குவதற்கு இவ்வளவு சிறிய தண்டனை வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நிதானமாக யோசித்து மறுபடி வழி பிடிக்க அது இடம் கொடுக்கிறது.

ஓட்டுகிறவர் நிற்பதில்லை. வண்டியோடு கூடவே குந்திக் குந்தி நகர்கிறார், கண் டயரின் தடத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தின் நடுவில் டிரிகரைக் கூட்டியபோது வண்டி ஒரு பக்கமாக உடம்பை முறுக்கியது. முன்னால் ஒரு சக்கரம் பாறையை விட்டு எழுந்தது. மோட்டாரின் முறுக்கு டிரைவ் ஷாஃப்ட் வழியாகச் சட்டத்தையே திருப்புகிறது. பிட்டர் பின்பக்க ஷாக் ஒன்றில் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத்தைச் சேர்த்தார். அடுத்த ஏற்றத்தில் நாலு சக்கரமும் தரையில் இருந்தன. வெங்கச்சாங்கல் பரப்பில் தூசி ஒட்டியதும் பிடிப்பு போய்விடுகிறது. ஈரத்துணியால் டயரைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து என்று கேட்காமல் வர முடியாது. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. டிஆர்எக்ஸ்-4 போன்ற வண்டி இவர்களுடைய மாதச் சம்பளத்துக்கு எட்டாது. இவர்களில் பலர் தொடங்கியது டபிள்யூபிஎல் போன்ற சீனக் கம்பெனிகளின் விலை மலிவான சிறிய வண்டியில். பிளாஸ்டிக் கியர் தேயத் தேய உலோகத்துக்கு மாறி, பிறகு பத்தில் ஒரு பங்கு வண்டியைக் கூட்டாக, பாகம் பாகமாகச் சேர்த்தது. வரி உள்ளூர் உற்பத்தியை வளர்க்க என்கிறார்கள். அந்த உற்பத்தி இங்கே, கடன் வாங்கிய லேத்தில், இரவில் நடந்துகொண்டிருக்கிறது. ஐடிஐயில் படிக்கிற பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் குடோனுக்கு அழைத்துவந்தால் கியர் விகிதமும் பாரத்தின் மையமும் கைக்குள் வந்துவிடும். அதைச் செய்ய எந்த அனுமதியும் வேண்டியதில்லை, ஒரு ஆசிரியருக்கு மனசிருந்தால் போதும்.

கடைசிக் கேட்டில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஏற்றியபோது முன் அச்சில் 'படக்' என்று கேட்டது. ஒரு சக்கரம் சுற்றவில்லை. பாறைமேலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் கிராஸ் பின் இரண்டாக முறிந்திருந்தது. லேத் தம்பி முறிந்த முகத்தைப் போன் வெளிச்சத்தில் காட்டினார். கல்கண்டை உடைத்ததுபோல் மின்னியது.

"வளையவே இல்லீங்ணா. நேரா ஒடஞ்சிருக்குது. ரொம்பக் கெட்டிப்படுத்திட்டாங்க" என்றார். இஎன்24 எஃகில் தானே கடைந்து, கோயம்புத்தூரில் ஹீட் ட்ரீட்மெண்டுக்குக் கொடுத்து, கெட்டித்தன்மையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கலாம் என்பது அவர் யோசனை. பிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நக்கிளில் இருக்கும் பித்தளையைப் பாதியாக்கினால் பழைய பின்னே தாங்கும் என்றார். இருவரும் கல்மேல் குந்தியபடியே வெகுநேரம் பேசினார்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும் என்று பிட்டரின் அண்ணன் மகள்தான் இடையில் சொன்னார். அடுத்த ஞாயிறு எடை அப்படியே இருக்கும், கிராஸ் பின் மட்டும் மாறும். பித்தளையில் கை வைப்பது அதற்கடுத்த வாரம்.