தெளிந்த வானின் மின்சாரம்

மின்னலைக் கண்டு அஞ்சுவோர் பலர்; மேகமற்ற வானிலும் மின்சாரம் உண்டு என்பதை அறிந்தோர் சிலர். தெளிந்த வானிலையில், தரையருகே ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. அதனால் காற்றின் வழியே மிக நுண்ணிய மின்னோட்டம் இடையறாது தரையை வந்தடைகிறது. ஓர் ஆம்பியரை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் பாய்வது அவற்றுள் இரண்டொரு கூறுகளே.

இம்மின்னோட்டத்தின் ஊற்று எது? உலகெங்கும் எழும் இடிமழை மேகங்களே மேல்வளிமண்டலத்திற்கு மின்னேற்றம் ஊட்டுகின்றன என்று சி.டி.ஆர். வில்சன் கருதினார். இரும்பைத் தவிர்த்து மரத்தால் கட்டப்பட்ட கார்னகி என்னும் ஆய்வுக்கப்பல், 1915 முதல் 1929 வரை கடல்களில் எடுத்த அளவீடுகள் அக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. கப்பல் எக்கடலில் சென்றபோதும், கிரீன்விச் நேரப்படி இரவு 7 மணியளவில் மின்புலம் உச்சத்தைத் தொட்டது. இந்தியாவில் அது நள்ளிரவு 12.30 மணி, அமெரிக்கக் கண்டங்களிலோ இடிமழை வலுக்கும் பிற்பகல். தொலைவில் இடிக்கும் மேகத்தின் விளைவை, மேகமில்லாத இடத்தில் நின்றும் அளக்கலாம் என்பது இதனால் புலனாயிற்று.

ஆயினும், அளப்பதற்கேற்ற இடம் அரிது. சிற்பங்களால் புகழ்பெற்ற கிருஷ்ணாபுரம் திருநெல்வேலியை அடுத்துள்ளது. அங்கு, இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் இயங்கிவருகிறது. அதன் அறிவியலாளர்கள் வில்சன் தட்டு என்னும் கருவியைத் தாமே திருத்தியமைத்து இம்மின்னோட்டத்தை அளந்தனர். ஆனால், தாமிரபரணிச் சமவெளி ஓயாது உழைக்கும் நிலம். கதிரவன் ஏறியதும் புழுதி எழும். ஆடியில் மேற்குக் கணவாய்களின் வழியே காற்று சீறிவரும். அடுப்புப் புகையும் வாகனப் புகையும் கலக்கும். நுண்துகள்கள் காற்றிலுள்ள அயனிகளைப் பற்றிக்கொள்வதால், காற்றின் மின்கடத்தும் திறன் குறையும். உலகின் குரல் உள்ளூர் இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

ஆகவே, அவ்வாய்வகத்தினர் அண்டார்க்டிகாவையும் நாடினர். 1989இல் தொடங்கப்பெற்ற இந்தியாவின் மைத்ரி நிலையத்தில், தரைக்குச் சற்று மேலே நீண்ட கம்பியைக் கட்டி அளவீடுகளை மேற்கொண்டனர். அங்கே ஆலைகள் இல்லை; வயற்புழுதி இல்லை. காற்றில் மிக அருகியே காணப்படும் எறும்பு அமிலம் போன்ற கரிம அமிலங்களை அளப்போரும் துருவங்களுக்குச் செல்வது இத்தகைய தூய்மையை நாடியே.

துருவமும் முழு அமைதி தரவில்லை. பனிப்புயல் வீசும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் பெறுகின்றன. அவை கருவியின் அளவைக் குலைத்துவிடும். எனவே, காற்றடங்கி வானம் தெளிந்த நாள்களின் பதிவுகளை மட்டுமே ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். கடுங்குளிரில் அரிதின் முயன்று பெற்ற பிற எண்களை ஒதுக்கினர். தெளிந்த நாள்களிலும் சில பதிவுகள் கார்னகி காட்டிய போக்கிலிருந்து விலகியே நின்றன. அவ்விலகலை மறைக்காமல், அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர்.

புவி வெப்பமடையும்போது உலகின் இடிமழை எவ்வாறு மாறும் என்பது இன்று எழுந்துள்ள பெருவினா. அதற்கு விடைகாண நெடுங்கால அளவீடுகள் துணைபுரியும். ஓர் ஊரின் புழுதியை உலகின் மாற்றமெனக் கொண்டால் விடையும் பிழைபடும். எதனைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் போலவே, எதனை விலக்குவது என்பதும் அளப்பவரின் நேர்மையைச் சார்ந்ததாகும்.