84இல் ஒருத்தி

2018 ஆடி மாதம். கல்லூரிக்குப் போகக் கோலியனூர் கூட்ரோட்டில் பேருந்துக்கு நின்றிருந்தபோது லேபிலிருந்து கைப்பேசிக்கு அறிக்கை வந்தது. எனக்கு வயது 38. வயிற்றில் இரண்டாவது பிள்ளை, 12 வாரம். சிவப்பு எழுத்தில் இருந்தது: டிரைசோமி 21, ஹை ரிஸ்க், 1:84.

ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அன்று அந்தத் தாளில் சிவப்பைத் தவிர எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

டபுள் மார்க்கர் சோதனை தாயின் இரத்தத்தில் ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ என்ற இரண்டை அளக்கிறது. ஸ்கேனில் தெரியும் கருவின் பிடரி நீர் அளவு, தாயின் வயது ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். குழந்தையின் குரோமோசோமை யாரும் பார்ப்பதில்லை. 1:84 என்றால், இதே எண் வந்த 84 பெண்களில் ஒருத்தியின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். 83 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது. இதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மருத்துவர், "வயசாயிடுச்சில்ல" என்றார். மாமியார், "ஒங்க வீட்லதான் அந்த மாதிரி ஒருத்தி இருந்தாளே" என்றார்.

இருந்தாள். என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. ஊர் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். கூழ் ஊற்றும் நாளில் முதல் ஆளாகத் தூக்குவாளியோடு நிற்பாள். நான் பள்ளி விட்டு வரும் நேரம் எப்படியோ தெரிந்து தெருமுனைக்கு வந்துவிடுவாள். பாட்டி படுத்த பிறகு அவளைக் குளிப்பாட்டியது, மாதவிலக்குத் துணி மாற்றியது எல்லாம் அம்மா. 31 வயதில் இதயம் நின்று போனாள். பெற்ற பாவத்துக்குப் பாட்டி சாகும்வரை பேச்சு வாங்கினாள்.

டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. உயிரணு பிரியும்போது தற்செயலாக 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடிவிடுகிறது. பாரிஸில் உயிரணுக்களை வளர்த்து அந்தக் கூடுதல் குரோமோசோமை முதலில் கண்டவர் மார்த்தே கோத்தியே என்ற பெண் மருத்துவர். 1959இல் வெளியான கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக, எழுத்துப்பிழையோடு அச்சானது. புகழ் ஜெரோம் லெஜுனுக்குப் போனது. பாட்டிக்கு வந்த பழியை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

அடுத்து என்.ஐ.பி.டி. எழுதித் தந்தார்கள். தாயின் இரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்ப்பது. இது டபுள் மார்க்கரைவிடத் துல்லியமானது. ஆனாலும் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. கௌரவ விரிவுரையாளரான என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதவில்லை. வளையலை அடகு வைத்தேன். அப்போது சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம்தான் எல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் காத்திருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணினேன். 2017இல் டவுன் சிண்ட்ரோம் உறுதியான 26 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு அனுமதி மறுத்திருந்தது. 2021 திருத்தம் குறிப்பிட்ட பிரிவினருக்கு எல்லையை 24 வாரமாக்கியது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் எல்லையே இல்லை என்றது.

என் இரத்தத்தில் இருந்த அதே துணுக்குகள் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்லக் கூடாது என்கிறது; குரோமோசோம் குறைபாட்டைத் தேடலாம் என்கிறது. அந்தத் தடைக்காக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த அனுமதியைப் பற்றி என் கையில் ஊசி ஏறும்வரை யோசித்ததில்லை. சுமப்பதா வேண்டாமா என்பது என் முடிவு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் பெண் என்பதால் வேண்டாம் என்பவரோடு சண்டை போட்ட நான், சித்தியைப் போல இருக்கும் என்பதால் வேண்டாம் என்றால் எனக்கு என்ன பெயர்?

அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அவ வேண்டாம்னு ஒரு நாளும் நெனச்சதில்ல கண்ணு. ஒண்டியா பாக்கணுமேன்னுதான் அழுதிருக்கேன். ஒன் மாமனுங்க ரெண்டு பேரும் தீபாவளிக்குப் பொடவ எடுத்தாந்ததோட சரி."

நான் பயந்ததும் அந்தக் குழந்தைக்கு இல்லை, அம்மாவின் அந்த நாட்களுக்குத்தான் என்று அப்போது புரிந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம், சேர்த்துக்கொள்ளும் பள்ளி, துணி மாற்றிவிடும் கணவன், நான் செத்த பிறகு அதற்கு ஒரு வீடு. இவை இருந்தால்தான் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் என் முடிவாக இருக்கும். இல்லாதபோது பயம் எனக்காக முடிவெடுக்கிறது.

பத்து நாள் கழித்து லோ ரிஸ்க் என்று வந்தது. பெருமூச்சு விட்டேன். அம்மா சித்தியின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

போன மாதம் முதுகலை மாணவி ஒருத்தி அறிக்கையோடு வந்தாள். 1:210. கை நடுங்கியது அவளுக்கு. முதலில் அந்த 209 பேரைப் பற்றிச் சொன்னேன். அடுத்து என்ன சோதனை, எத்தனை வாரம் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு என் சித்தியைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அதற்கப்புறம்தான், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"இத யாருமே என்னக் கேக்கல மேடம்" என்றாள்.