வாக்கும் விரைவும்

வாணிகப் பொருள்கள் பலவற்றுள் கண்ணால் காண இயலாத பொருள் ஒன்று உண்டு. அது காப்பீடு. துணி வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கிறார். அரிசி வாங்குபவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார். காப்பீடு வாங்குபவர் பெறுவதோ ஓர் உறுதிமொழி மட்டுமே. 'உமக்கு இடர் வரும் நாளில் உடனிருப்போம்' என்னும் அச்சொல்லை நம்பியே அவர் பணம் செலுத்துகிறார். அச்சொல் மெய்யா பொய்யா என்பது ஆண்டுகள் பல கழிந்த பின்னரே தெரியவரும். சொல்லையே பொருளாகக் கொண்ட தொழில் என்பதனால், மொழி ஆசிரியனாகிய எனக்கும் இதன்பால் ஒரு நாட்டம் உண்டு.

காப்பீட்டைப் பற்றி நம் சமுதாயப் பெரியவர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுவதை அறிவேன். வட்டியும் ஐயப்பாடும் கலந்த ஒப்பந்தம் என்று விலகி நிற்போரும் உளர். தேவை கருதி ஏற்போரும் உளர். அவ்வாய்வை மார்க்க அறிஞர்களிடம் விடுத்து, அத்தொழிலில் பணிபுரியும் நம் பிள்ளைகளின் நிலையை மட்டும் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டு 245 நிறுவனங்களும் சங்கங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. அதன்பின் நெடுங்காலம் காப்பீடு என்றவுடன், தோளில் பையுடன் தெருவுக்கு வரும் அறிமுகமான முகவரே நம் நினைவுக்கு வந்தார். அவர் நம் வீட்டுத் திருமணத்திற்கும் வருவார், இறப்புக்கும் வருவார். 1999ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்கள் மீண்டும் நுழைந்தன. 2016இல் தொடங்கப்பெற்ற அக்கோ, டிஜிட் போன்ற நிறுவனங்கள் 2017இல் உரிமம் பெற்றன. கைப்பேசியிலேயே காப்பீடு வாங்கும் காலம் வந்தது. முகவர் அமர்ந்திருந்த திண்ணையில் இன்று ஒரு குரல் மட்டுமே ஒலிக்கிறது. அக்குரலுக்குரியவர், பெரும்பாலும் அண்மையில் கல்லூரியை விட்டு வெளியேறிய ஓர் இளைஞர்.

எம் துறையில் பயின்ற மாணவர் சிலரும் இத்தகைய புத்தொழில் நிறுவனங்களில் சேர்ந்துள்ளனர். பிழையின்றித் தமிழ் பேசுவோர் அங்குத் தேவைப்படுகின்றனர். 'தமிழ் படித்தால் வேலை உண்டா?' என்று கேட்போருக்கு விடை கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்ததும் உண்மை. சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் அவர்களுள் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். சென்னையில் பணி. அவர் கூறியவற்றை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இரண்டு ஆண்டுகளில் நான்கு மேலாளர்களைப் பார்த்துவிட்டேன். எங்கள் பிரிவின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. திங்கட்கிழமை சொல்லிக் கொடுத்த முறை வியாழக்கிழமை செல்லாது" என்றார். குறையாக மட்டும் அவர் இதனைக் கூறவில்லை. இருபத்து நான்கு வயதில் பன்னிருவர் கொண்ட குழுவுக்குத் தலைவரானதை அவர் பெருமையுடனேயே சொன்னார். பழைய அலுவலகங்களில் பத்தாண்டு காத்திருந்து பெறும் பட்டறிவை அங்கே ஓராண்டில் பெறலாம் என்றார். அதில் உண்மை உண்டு.

ஆனால் அவர் குரல் தாழ்ந்த இடமும் ஒன்று உண்டு. ஒரு மாதத்தின் கடைசி நாள். குழுவின் இலக்கு எட்டப்படவில்லை. மறுமுனையில் பேசிய முதியவர், தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை வெள்ளை மனத்துடன் கூறிவிட்டார். 'அதை எழுதாமல் முடித்துவிடு' என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்ததாம். இவர் எழுதியே அனுப்பினார். அவ்விண்ணப்பம் அம்மாதக் கணக்கில் சேரவில்லை. இவருக்குரிய ஊக்கத்தொகையும் போயிற்று.

"ஏன் தம்பி எழுதினாய்?" என்று கேட்டேன். "அவர் பேச்சு எங்கள் வாப்பா பேசுவதைப் போல இருந்தது, சார்" என்றார்.

அந்நோயை மறைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உடல்நலக் காப்பீடு இடையறாது 60 மாதங்கள் தொடர்ந்துவிட்டால், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, மறைத்தலைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்தல் கூடாது என்று 2024இல் விதி வகுக்கப்பட்டது. அதற்கு முன் அம்முதியவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், மறைத்ததையே காட்டி அவர் கோரிக்கையைத் தள்ளிவிட இடமுண்டு. அந்நாளில் மேலாளரும் அங்கிருக்கமாட்டார். விற்ற இளைஞரும் வேறிடம் சென்றிருப்பார். இருப்பவர் அம்முதியவர் மட்டுமே.

இஃது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013இல் தொடங்கப்பெற்ற ஜெனிஃபிட்ஸ் என்னும் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. சிறு நிறுவனங்களுக்கு மென்பொருளை இலவசமாக வழங்கி, அவற்றின் ஊழியர்களுக்கான உடல்நலக் காப்பீட்டுக்குத் தரகராக நின்று அது பொருளீட்டியது. 2015இல் அதன் மதிப்பு 450 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. 'ஆயத்தமாகு, சுடு, பிறகு குறி பார்' என்னும் பொருள்பட அங்கு ஒரு முழக்கம் வழங்கிற்று. கலிபோர்னியாவில் காப்பீடு விற்க உரிமம் பெறுவோர் அந்நாளில் 52 மணி நேரம் இணையவழிப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. படிக்காமலேயே படித்துக்கொண்டிருப்பதுபோல் கணினியை ஏமாற்றும் சிறு நிரல் ஒன்று அங்கே புழங்கியது. முழுமையாகப் படித்ததாக உறுதிமொழி அளித்துக் கையெழுத்திட்டவர்களோ ஊழியர்கள்.

செய்தி வெளிப்பட்டதும், 2016 பிப்ரவரியில் நிறுவனர் பார்க்கர் கான்ராட் பதவி விலகினார். அடுத்து வந்த டேவிட் சாக்ஸ் 'நேர்மையுடன் இயங்குக' என்பதை முதல் நெறியாக அறிவித்தார். அம்மாதமே 250 பேர் வேலை இழந்தனர். 2017 பிப்ரவரியில் மேலும் 430 பேர் நீக்கப்பட்டனர். மூன்றாவது தலைவரும் அதே மாதம் வந்து சேர்ந்தார். ஓராண்டுக் காலத்தில் மூன்று தலைமைகள். முழக்கத்தை வகுத்தவர் வேறு. அதனைப் பின்பற்றி ஓடியவர் வேறு. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் வேறு.

இதன் வேர் எங்குள்ளது? புத்தொழில் நிறுவனம் முதலீட்டாளரின் பணத்தில் வளர்வது. மூன்று திங்களுக்கு ஒருமுறை வளர்ச்சி காட்டுக என்கிறது அப்பணம். விற்பனையின் எண்ணிக்கை அன்றே திரையில் தெரிகிறது. கொடுத்த வாக்கின் தரமோ ஐந்தாண்டு கழித்தே தெரிகிறது. விரைவைக் கூலியாகக் கொடுத்து வாக்கைக் காக்கச் சொன்னால், இடையில் நின்று நசுங்குபவர் ஊழியரே. கள்ளாமை அதிகாரத்தை அடுத்து வாய்மை அதிகாரத்தை வைத்தது திருக்குறள். பிறர் பொருளைக் கவர்வதும் பொய்யுரைத்து விற்பதும் அடுத்தடுத்த வீடுகள் என்பதனை இத்தொழிலில் இருப்போர் நன்கு உணர்வர்.

மற்றொன்றும் அம்மாணவர் கூறினார். உடன் பணிபுரிந்த ஒருவரை ஒரு நாள் காலையில் வேலையினின்றும் விடுவித்தனர். அன்றோடு, அந்நிறுவனம் அவர் குடும்பத்திற்கு அளித்திருந்த உடல்நலக் காப்பீடும் முடிந்தது. அவர் தாயாருக்கு அடுத்த வாரம் கண் அறுவைச் சிகிச்சை குறிக்கப்பட்டிருந்ததாம். நாள்தோறும் ஊரார்க்கெல்லாம் காப்பீடு விற்றவரின் வீட்டில் காப்பீடு இல்லை. இதனைக் கேட்டபோது எனக்குச் சொல் எழவில்லை.

மாணவச் செல்வங்களே, இத்தகைய பணிகளுக்குச் செல்லாதீர் என்று நான் கூறமாட்டேன். செல்லுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆயினும் சிலவற்றை நெஞ்சில் நிறுத்துங்கள். வாய்மொழியாக வரும் கட்டளையை எழுத்தில் கேளுங்கள். தவறான கட்டளைகள் பல, எழுத்தில் வரத் துணிவதில்லை. நீங்கள் படிக்காததைப் படித்ததாகக் கையெழுத்திடாதீர்கள். நிறுவனம் பெயர் மாறினாலும் உங்கள் கையெழுத்து உங்களுடையதே. பங்குரிமை தருவதாகக் கூறினால், எத்தனை ஆண்டு பணியாற்றினால் அது கைக்கு வரும் என்பதைக் கேட்டறியுங்கள். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வேலையைச் சாராத ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். வாங்கிய பாலிசி பிடிக்காவிடில் 30 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டென்பதை, வாங்குபவர் கேளாவிடினும் கூறுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வேலையிழந்து ஊர் திரும்பும் பிள்ளையிடம் 'என்ன தவறு செய்தாய்?' என்று முதலில் கேளாதீர்கள். அவன் சரியாக நடந்ததாலேயே கூட அவ்வாறு நேர்ந்திருக்கலாம்.

என்னைக் காண வந்த மாணவர் அந்நிறுவனத்தில் இப்போது இல்லை. வேறொரு நிறுவனத்தில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் இருக்கிறார். ஊதியம் சற்றுக் குறைவு. பிறர் விற்ற வாக்குகளை நிறைவேற்றும் இடம் அது என்பதில் அவருக்கு மனநிறைவு.