உவர்நீர்த் தொட்டியில் ஓர் அஞ்சாலை

வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் என் மீன்தொட்டிக்கு எதிரே வந்ததும் ஓரடி பின்னால் போய்விடுவார்கள். பிவிசி குழாயின் விளிம்பிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, மொரே விலாங்கான அஞ்சாலை வாயைப் பிளக்கும், மூடும், மறுபடி பிளக்கும். பற்கள் தெரியும். மிரட்டுகிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். மற்ற மீன்களுக்கு இருக்கிற அகலமான செவுள் வாசல் இதற்குக் கிடையாது. கழுத்தோரம் பக்கத்துக்கு ஒரு சின்ன வட்டத் துளை இருக்கிறது. அதன் வழியே தண்ணீரைத் தள்ள வேண்டுமானால் வாய் ஓயாமல் உழைத்தாக வேண்டும். இதை விளக்கிச் சொன்னதும் வந்தவர்கள் மெல்லக் கிட்டே வந்து பார்ப்பார்கள். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

என்னிடம் இருப்பது ஜிம்னோதோராக்ஸ் டைல் என்ற சிற்றினம். கங்கை மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் இதை முதன்முதலாக விவரித்தார். வங்காளக் கரையின் ஓடைகள் தொடங்கி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை கழிமுகங்களில் வாழ்கிறது. சுமார் இரண்டடி வளரும். கரும்பழுப்பு உடம்பு முழுக்கப் பொன்னிறப் பொடிப்புள்ளிகள். செதில் இல்லை, பக்கத் துடுப்பும் இல்லை. தோலின் மேலிருக்கும் வழுவழுப்பான படலம்தான் பாதுகாப்பு. உலகில் ஏறத்தாழ 200 வகை அஞ்சாலைகள் உண்டு. அநேகமாக எல்லாமே கடல்வாசிகள். நம் கடலூர்ப் பக்கம் முடசலோடையில் கிடைத்த ஒரு வகைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆற்றுவாய்க்குள் நுழைந்து வாழப் பழகியவை இந்த டைல் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகள்தான்.

அந்தப் பழக்கமே அதற்கு வினையாகிவிட்டது. வண்ண மீன் வியாபாரத்தில் இதை ‘நன்னீர் மொரே’ என்று சொல்லி விற்கிறார்கள். கடையில் கோல்டு ஃபிஷ் நீந்தும் அதே குழாய்த் தண்ணீரில் இதுவும் கிடக்கும். வாங்கிப் போகிறவரும் நல்ல தண்ணீரிலேயே விடுகிறார். சில வாரம் சாப்பிடும். பிறகு இரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பு இளைத்துத் தலை மட்டும் பெரிதாகத் தெரியும், தோலில் வெள்ளை படரும். மருந்து ஊற்றுவார்கள். செதில் இல்லாத மீனுக்குப் பல மருந்துகள் ஆகாது. குறிப்பாகத் தாமிரம் கலந்தவை. மீன் செத்ததும் ‘இது வளர்க்க முடியாத சாதி’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அது கேட்டது உப்பு மட்டுமே.

ஏன் உப்பு? முள்ளெலும்பு மீன்கள் எதுவானாலும் அவற்றின் ரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆற்றில் வாழும் மீனின் உடம்புக்குள் தண்ணீர் சும்மா சும்மா ஊறி உள்ளே வந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசியும். சிறுநீரகம் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும், செவுள் உப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடல் மீனுக்கு நேர் எதிர்ப்பாடு: உடம்பிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது, கடலையே குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியே வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புள்ள தண்ணீரில், இந்த இரண்டு சுமையும் அநேகமாக இறங்கிவிடுகிறது. உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்று. உவர்நீரை அரைகுறைத் தண்ணீர் என்று நினைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது என்று ஒதுக்கிவிடுவோம். மீனின் ரத்தத்தை வைத்துப் பார்த்தால், பூமியில் அதற்கு மிக நெருக்கமான தண்ணீர் அதுதான்.

‘ஆற்றில்தானே பிடிக்கிறார்கள், அப்படியானால் நன்னீரில் வாழுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. வங்கக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. ஏறும்போது கடல் ஆற்றுக்குள் புகுகிறது. உப்புத் தண்ணீர் கனமானது; பல கழிமுகங்களில் அது மேலே ஓடும் ஆற்றுநீருக்கு அடியில் நழுவி வெகுதூரம் உள்ளே போய்விடும். மேல் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தால் இனிக்கும், அடிச்சேற்றில் கிடக்கிற அஞ்சாலையோ உப்பில் இருக்கும். அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலத்துப் பக்கம் கார்த்திகை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். செம்மண் நிறத்தில் மேலே வெள்ளம் கடலுக்குப் போகும், ஓதம் ஏறும் நேரத்தில் அடியில் கடல் எதிர்த்து வரும். கழிமுக மீன்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சில நாள் நல்ல தண்ணீரையும் தாங்கும். தாங்குவதும் வாழ்வதும் வேறு.

தொட்டிக்கு உப்புப் போடுவதென்றால் உடனே கல்லுப்பு வாங்கி வந்துவிடுகிறார்கள். மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தைப் பார்த்திருந்தால் அதில் என்ன குறை என்று தெரியும். கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய்ச்சும்போது சுண்ணாம்புச் சத்து முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும். சமையல் உப்பு உறைந்ததும், மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்து விட்டுவிடுவார்கள். நம் சமையலுக்கு அதுதான் சரி. மீனுக்கு அந்த வடித்ததும் வேண்டும். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் உள்ள விகிதத்திலேயே சேர்ந்த மரைன் சால்ட் தனியாக விற்கிறது. லிட்டருக்கு 35 கிராம் கடல் என்றால், என் தொட்டிக்கு 14, 15 கிராம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 1.010 பக்கம் கோடு நிற்கும். சென்னையின் கடலோர போர் தண்ணீர் ஏற்கெனவே கரிக்கிறதே, அது போதாதா என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். கரிப்பு இருக்கிறது, கலவை கடலின் கலவை இல்லை.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நின்றுவிடும். அதனால் நிரப்பும்போது குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அஞ்சாலை வளர்க்கும் வீட்டில் ஃபில்டர் குழாய் நுழையும் இடுக்கைக்கூட அடைத்துவைக்க வேண்டும். உடம்பு முழுதும் தசை. தலை நுழையும் சந்து கிடைத்தால் போதும், தரைக்கு வந்துவிடும். தரையில் சற்று நேரம் சமாளிக்கும், ஆனால் காலையில் நாம் பார்க்கும் வரைக்கும் அல்ல.

இரை கொடுக்கும் நேரத்துக்கு வருகிறேன். மாலை விளக்கை அணைத்த பிறகு, நீண்ட இடுக்கியில் ஒரு கணவாய்த் துண்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்குவேன். அஞ்சாலைக்குக் கண் மங்கல். மூக்கு நுனியில் இரண்டு குட்டிக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; முதலில் அசைவது அவைதான். பிறகு தலை குழாயை விட்டு விரற்கடை அளவு முன்னால் வரும். இடமும் வலமுமாக ஆடும். வாசம் எங்கிருந்து வருகிறது என்று தண்ணீரையே தடவிப் பார்க்கும். இரை எதிரிலேயே இருந்தாலும் பக்கத்துக் கல்லைக் கவ்வும், இடுக்கியின் முனையைக் கவ்வும். கூட நீந்தும் மீன்கள் அதற்குள் பிடுங்கிவிடும் என்பதால் அவற்றுக்கு முன்னதாகவே தொட்டியின் மறுகோடியில் தீனி போட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு இரையை முகத்தில் கொண்டுபோய் இடித்தால் அது உள்ளே போய்விடும், அன்றைக்கு அவ்வளவுதான். கையை அசைக்காமல் காத்திருந்தால் கடைசியில் சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் கவ்வும். அடுத்த நொடி துண்டு காணாமல் போயிருக்கும்.

அந்த நொடியில் நடப்பது என்ன என்பது 2007-இல்தான் தெளிவாயிற்று. கலிஃபோர்னியாவில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் அதிவேக கேமராவில் அஞ்சாலை தின்பதைப் படம்பிடித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். பெரும்பாலான மீன்கள் வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு இரையை உறிஞ்சி விழுங்குகின்றன. பொந்துக்குள் வாழும் ஒடுங்கிய தலைக்கு அப்படி விரிய வழியில்லை. அதற்குப் பதிலாகத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, வளைந்த பற்களோடு. முன்வாய் இரையைக் கவ்வியதும் அது முன்னால் பாய்ந்து வந்து, கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டி மாட்டி இழுப்பதுபோல், இரையைக் கொக்கி போட்டு உணவுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. தண்ணீரின் உறிஞ்சல் தேவையில்லை என்பதால் சில அஞ்சாலைகள் தரையில் கிடந்தபடியே இரையை விழுங்கவும் வல்லவை என்று மேத்தாவின் குழு 2021-இல் காட்டியது.

துண்டு பெரிதாக இருந்தால் வேறொரு வித்தை. வால் பக்கம் உடம்பில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தலை வரைக்கும் உருட்டிக் கொண்டுவந்து, அதை உந்துகோலாக்கித் துண்டைப் பிய்த்து எடுக்கும். இதைப் பார்க்கத்தான் என் வீட்டுப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். இறாலை மட்டுமே மாதக்கணக்கில் போடக் கூடாது. இறாலிலும் சில மீன்களிலும் உள்ள ஒரு நொதி தயமின் என்ற வைட்டமினைச் சிதைத்துவிடும். கணவாய், நண்டு, மீன் சதை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

ரோமானியச் செல்வர்கள் கடலோர மாளிகைகளில் குளம் கட்டி அஞ்சாலை வளர்த்தார்கள். ஆன்டோனியா என்ற சீமாட்டி தன் செல்ல அஞ்சாலைக்குக் காதணி மாட்டியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வீடியஸ் போல்லியோ என்ற செல்வர் தண்டனையாக அடிமைகளை அஞ்சாலைக் குளத்தில் எறிந்த கதையைச் சொல்வதும் அவர்தான். கொஞ்சலும் கொடூரமும் மனிதர்கள் செய்தவை. மீன் குளத்தில் கிடந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

என்னை இப்போதும் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. என் தொட்டியில் கூட வாழும் ஸ்காட், மோனோ போன்ற உவர்நீர் மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறையைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது; முட்டுக்காட்டில் அதற்கு ஆய்வு நிலையம் இருக்கிறது. அஞ்சாலைக்கு அது நடக்கவில்லை. விலாங்குக் குடும்பங்களின் குஞ்சு, கண்ணாடியாய் ஊடுருவித் தெரியும் இலை வடிவப் புழுப்பருவமாகத் திறந்த கடலில் மாதக்கணக்கில் மிதக்கிறது. சந்தையில் அத்தனை விலைபோகும் ஜப்பானிய விலாங்கையே 1973-இல் முதன்முதலாகச் செயற்கையாகப் பொரிக்கவைத்த பிறகு, முழு வாழ்க்கைச் சுழற்சியையும் தொட்டியில் முடிக்க 2010 வரை ஆயிற்று. ஆகவே கடையில் தொங்கும் ஒவ்வொரு பையிலும் இருக்கிற டைல் அஞ்சாலை ஏதோ ஒரு கழியில் பிடிபட்டதுதான். அது செத்தால் அந்தக் கழிக்கு அதைத் திருப்பித் தர எவராலும் முடியாது. வளர்ப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சாகும் என்று தெரிந்த தண்ணீரில் விற்பதும் வாங்குவதும் தவறு.

வாங்கும் எண்ணம் இருந்தால் தொட்டியை முதலில் தயார் செய்யுங்கள். நாலடி நீளம் வேண்டும். உப்பைக் கலந்து, நல்ல ஃபில்டர் போட்டு, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த உப்புத் தண்ணீரிலேயே ஊன்றும் வரை வாரக்கணக்கில் காத்திருங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போனால், மீன் இப்போது இருக்கிற தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு துண்டு கணவாயை உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் இருந்து வருகிற மீனை ஒரே நாளில் உப்புக்கு மாற்றாதீர்கள். வேறொரு தொட்டியில் வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், உங்கள் பாக்டீரியாவுக்காக அல்ல, பாதி பட்டினியில் வந்து சேர்ந்திருக்கும் அந்தச் செவுளுக்காக.