நாலந்தாவும் பிளந்த குழாயும்

நாலந்தா என்றதும் பீகாரின் பழைய பல்கலைக்கழகமே பலருக்கு நினைவில் வரும். நான் குறிப்பிடுவது இலங்கையின் மாத்தளை மாவட்டத்து நாலந்தாவை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதியில், நாவுலைக்கு முன்னால் வருகின்ற சிற்றூர். பல்லவர் பாணியில் அமைந்த கெடிகே என்ற கற்கோயில் அங்கேதான் உள்ளது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிடாதிருக்க, 1970களின் பிற்பகுதியில் கல் கல்லாகக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் அடுக்கினார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் கெடிகேயைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அயலில் சேனைப்பயிர் செய்யும் முதியவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். அவரது இடக்கையில் இரு விரல்கள் இல்லை. கேட்டதும், கொட்டிலின் கூரையிடுக்கிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். சாதாரண நீர்க்குழாய். பின்முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, வாழைப்பூ மடல்போல் விரிந்து பிளந்திருந்தது. "நல்ல மொத்தமான குழாய் மஹத்தயா, எப்படி வெடித்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை" என்றார்.

நம்மவர் இடியன் துவக்கு என்று வழங்கும் நாட்டுத் துவக்கின் மிச்சம் அது. வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடிப்பதால் இடியன். பொறுமையோடு கேட்டால், "எவ்வளவு தடிப்பு இருந்தால் பயமில்லை?" என்ற கேள்விதான் இத்துவக்கைச் செய்பவர் எல்லோரிடமும் இருக்கும். பொறியியலாளரான நண்பர் ஒருவரிடம் அதையே கேட்டேன். அவர் எண் எதையும் சொல்லவில்லை. எண் சொல்வதே பிழை என்றார். அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன்.

காரின் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தல் அளவில் காற்றமுக்கம் இருக்கும். 12 போர் வேட்டைத் துவக்கினுள் எழும் அமுக்கமோ 11,500 இறாத்தலைத் தொடும். விளையாட்டுச் சாமான் என்று பலர் எண்ணுகின்ற பொயின்ட் 22 ரவையில் அது 24,000 வரை போகும். வாய் சிறுத்தால் ஆபத்தும் சிறுக்கும் என்ற நம்பிக்கை இங்கேயே அடிபட்டுவிடுகிறது. நீர்க்குழாய் இத்தகைய அமுக்கத்தை எண்ணிச் செய்யப்பட்டதன்று.

அடுத்தது பொருத்து. தகட்டை உருட்டி நீளவாட்டில் ஒட்டிச் செய்த குழாய் அது. உள்ளமுக்கம் குழாயைக் குறுக்காகப் பிளக்க இழுக்கும் விசை, நீளவாட்டில் இழுக்கும் விசையைப்போல் இரு மடங்கு. ஆகவே குழாயின் பலவீனமான கோடு எதுவோ, அதன்மேலேயே அதிக விசை விழுகிறது. முதியவரின் குழாய் பிளந்ததும் அந்தக் கோட்டில்தான்.

சரி, தடிப்பைக் கூட்டினால்? பிரெஞ்சுக் கணித அறிஞர் லாமே 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கண்டுவிட்டார். சுவர் தடிக்கத் தடிக்க, உட்புறப் படையே பெரும்பாரத்தைச் சுமக்கின்றது. வெளிப்புறப் படை வெறுமனே நிற்கின்றது. தடிப்பை இரட்டித்தால் வலு இரட்டிப்பதில்லை. 1850களில் ஆங்கிலேயர் ஆம்ஸ்ட்ரோங் தம் பீரங்கிகளுக்குச் சூடேற்றிய வளையங்களை மேலே இறுக்கியதும் இக்காரணம் பற்றியே.

இவை யாவும் புதிய உருக்குக்கான கணக்கு. நாலந்தாக் காட்டோரத்து இடியனோ பெரும்பாலும் கட்டுத்துவக்காக மாறி, மருந்து நிரப்பிய நிலையில், பன்றி வரும் தடத்தில் பனியிலும் மழையிலும் இரவிரவாகக் கிடப்பது. கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து, குழாயின் உட்புறத்தைத் துரு தின்கிறது. வெளியே எண்ணெய் பூசிப் பளபளக்கும். உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று யார் கண்டார்? நாற்பது தடவை வெடித்து ஒன்றும் ஆகாத குழாய் நாற்பத்தோராவது தடவை பிளப்பது இப்படித்தான்.

துவக்குக் குழாயைப் பரீட்சிக்க இங்கிலாந்தில் ஏற்பாடு பழையது. இலண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாம் பரீட்சைச்சாலை 1813இல் வந்தது. வழமைக்கு மிஞ்சிய மருந்தை இட்டு, ஆளை விலக்கி நிறுத்தி வெடிக்க வைப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. நம்மூர் இடியனுக்கு முத்திரையிடுபவர், அதைத் தோளில் வைப்பவரே.

கண்டி இராச்சியத்துக் கொல்லருக்கு இந்தக் கலை தெரியாததன்று. சிங்களவர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேயரே வியந்து எழுதினர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து தூக்கிச் சென்ற லெவுக்கே திசாவையின் பீரங்கி, நெடுங்காலம் அம்ஸ்டர்டாமில் இருந்துவிட்டு 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பியது. 1848இல் தம்புள்ளையிலிருந்து மாத்தளை நோக்கிக் கிளர்ச்சிக்காரர் அணிவகுத்தபோது, அவர்களைக் கொதிக்க வைத்த புதிய வரிகளுள் துவக்கு வரியும் ஒன்று. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் வந்த பின்னர், அனுமதியில்லாத் துவக்கு குற்றம் என்றாயிற்று. தொழில் ஒளிந்துகொண்டது, ஒளிந்த தொழிலில் பரீட்சைக்கு இடமேது?

கட்டுத்துவக்கு வெடிக்காமல் ஒழுங்காகச் சுட்டாலும் கேடுதான். விடியலில் விறகுக்குப் போகிறவரின் காலில் கம்பி பட்டால், சன்னம் முழங்காலைச் சிதைத்துவிடும். யானைகள் காயத்தில் சீழ்பிடித்து, வாரக்கணக்கில் அலைந்து சாகின்றன. இதைச் சொன்னபோது முதியவர் மறுக்கவில்லை. ஒரே இரவில் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுப்போன மரவள்ளிப் பாத்தியைக் காட்டினார். அதற்கு நட்டஈடு கேட்டு எங்கே போவது என்று கேட்டார்.

2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, தோட்டங்களில் நிற்கின்ற குரங்கு, மயில் முதலானவற்றை ஐந்து நிமிடம் எண்ணித் தருமாறு அரசாங்கம் நாடெங்கும் விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. பன்றி இரவில் வருவது.