குளிர்த்தி கேட்ட இரவு

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்புத் தமிழகத்துக் கண்ணகை அம்மன் கோயில்களிலே சடங்கு தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும் கதவு இச்சடங்குக்கென்றே திறக்கப்படுவது பல கோயில்களின் வழக்கமாகும். வெயில் கொளுத்தும் அந்நாட்களிலே ஊரார்க்கு உணவும் இசையும் ஒருங்கே கிட்டும் பெருவிழா இதுவேயாம். சென்ற வைகாசியில் நாம் குடும்பத்துடன் காரைதீவுக் குளிர்த்திக்குச் சென்றுவந்த செய்தியை வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

நாம் வாழும் சொறிக்கல்முனை, திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற, வயல்சூழ்ந்த சிற்றூர். பிற்பகல் மூன்று மணிக்கு மனைவி மக்களுடன் முச்சக்கரவண்டியிற் புறப்பட்டோம். சிறுபோகப் பயிர் பச்சைப் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. மாரி வெள்ளம் மேவிப் பாய்ந்து எத்தனையோ முறை எம்மை வீட்டோடு இருத்திய கிட்டங்கித் தாம்போதியின் அருகே, அன்று கொக்குகள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

கல்முனையை அடைந்து தெற்கே திரும்பினால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என ஊர்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். கடற்கரைப் பள்ளிக்குச் செல்லும் தெருவைக் கண்டதும், "கந்தூரி எப்போது அப்பா?" என்று கேட்டான் மகன். நாகூர் ஆண்டகை நினைவாக அங்கே கொடியேறும் நாட்களில் முஸ்லிம் நண்பர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றிருந்தார். றபான் ஒலியையும் கந்தூரிச் சோற்றின் மணத்தையும் சிறுவன் மறந்தானல்லன். சாய்ந்தமருதிலே மஸ்கற் வாங்கிக்கொண்டோம். "சடங்குக்கா சேர்? எங்களுக்கும் மழை பெய்யச் சொல்லிக் கேளுங்க" என்று கூறி, கடைக்காரர் ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கட்டினார்.

காரைதீவிலே எம் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கோயிலென்றும் பள்ளியென்றும் அது பார்க்கவில்லை. கரையிலே விளையாடச் சென்ற அக்காவின் மூத்த மகன், ஏழு வயதுப் பாலகன், அன்று மீண்டிலன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கா கடலின் பக்கம் திரும்பியதில்லை. சடங்கின் தொடக்கத்திலே கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து கல்யாணக்கால் நடுவார்கள். அந்த ஊர்வலத்துக்கு மட்டும் அவர் செல்வதில்லை. கோயிலுக்குத் தவறாது செல்வார்.

அன்று அக்கா வீட்டில் எருமைத் தயிரும் சீனியும் எமக்காகக் காத்திருந்தன. வெயிலில் வந்த உடம்புக்கு அதனினும் இனியது யாதுளது? இருள் கவியுமுன் கோயிலடைந்தோம். வீதியெங்கும் கச்சான் கடைகள். ஒருபுறம் பொங்கற் பானைகளின் புகை. மக்கள் மணலிலே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தனர்.

கணவனை அநியாயமாக இழந்த கண்ணகி மதுரையை எரித்தபின்னும் சினம் தணிந்தாளில்லை. ஆயர்குலப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் கொண்டு அவளைக் குளிர்வித்தனர் என்பது இந்நாட்டார் வழங்கும் கதை. சிங்கள மக்களும் இவளைப் பத்தினித் தெய்வமெனப் போற்றுவர். தலைமுறை தலைமுறையாக ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த கண்ணகி வழக்குரையை வித்துவான் வீ. சீ. கந்தையா பதிப்பிக்க, அது 1968இல் நூலாக வெளிவந்தது. இவ்வூரிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார், சிலப்பதிகாரத்து இசைநுட்பங்களை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். கண்ணகியின் பாட்டுக் கேட்டு வளர்ந்த செவிக்கு அந்நாட்டம் எழுந்தது வியப்பன்று.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்வதுபோல் நாம் மகளுக்கு விரித்துரைத்தோம். அவளோ, "அது சரி அப்பா. பாட்டுப் பாடினால் கோபம் ஆறிவிடுமா?" என்றாள். நாம் விடை தேடித் தயங்கினோம். அருகிலிருந்த அக்கா, "முழுக்க ஆறாது மகள். ஒரு வருசத்துக்கு ஆறும். அதனாலதான் வருசா வருசம் பாடுறாங்க" என்றார்.

இத்தனை ஆண்டு சிலப்பதிகாரம் கற்பித்த எமக்கு இவ்விடை தோன்றாமற் போயிற்றே!

நள்ளிரவு கடந்து வைகறை நெருங்குகையிலே குளிர்த்திப் பாடல் எழுந்தது. உடுக்கு மெல்ல ஒலிக்க, பூசகர் கும்பநீரைத் தெளிக்க, ஆயிரம் வாய்கள் அம்மனைக் குளிரும்படி இரந்தன. சினம் தவறென்று அப்பாடல் கடியவில்லை. துயரை மறவென்றும் சொல்லவில்லை. நின் சினம் நியாயமானதே, ஆயினும் எங்கள் பொருட்டுச் சற்றே ஆறுக என்று கெஞ்சுவதாகவே எமக்குப் பட்டது. அக்கா கண்களை மூடியிருந்தார். அவர் யாரை நினைத்து நீரேற்றார் என்பதை நாம் கேட்கவில்லை.

விடியற்காலையில் வீடு திரும்புகையிலே, சந்தியில் அக்கா நின்றார். எம் மகளின் கையைப் பற்றிக்கொண்டு கிழக்குத் தெருவிலே நடந்தார். நாம் ஒன்றும் பேசாது பின்சென்றோம். தெருமுடிவில் தென்னைகளுக்கிடையே கடல் தெரிந்தது. அதற்கப்பால் அவர் ஓரடியும் வைக்கவில்லை. சிறிது நேரம் பார்த்தபடி நின்றார், அவ்வளவே.

"தம்பி, பிள்ளையள் பசியோட நிக்குதுகள். பொங்கல் ஆறப்போகுது, வாங்க" என்று சொல்லித் திரும்பினார்.

அந்தப் பொங்கலை அன்று எல்லோருமாக ஓரிலையிலே உண்டோம். அடுத்த வைகாசியில், தீர்த்தமெடுக்கும் நாளிலேயே சென்றுவிட எண்ணியிருக்கின்றோம்.