கரிசலிலிருந்து மணப்பாட்டு அலைக்கு

கோவில்பட்டிச் சீமையில் பிறந்தவனுக்குக் கடல் அப்படியொன்றும் தூரமில்லை; எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆயினும், சித்திரை வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் எங்கள் கரிசல் காட்டில், நீர் என்பது வானத்திலிருந்து வரவேண்டியதும் கிணற்றுக்குள் கிடப்பதுமேயன்றி, எதிரே எழுந்து வந்து மார்பில் மோதுவதன்று. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவனும் அவரைப் பின்பற்றிய இளைஞர்களும் அலைச்சறுக்கில் தேர்ந்த செய்தியைப் படித்தும், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தும், நாற்பது வயதைக் கடந்த பிறகு அதைக் கற்கும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது.

என்னுடையது கிணற்று நீச்சல். ஏழாம் வயதில் தாய்மாமன் என் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கமலைக் கல்லிலிருந்து தூக்கிப் போட்டார். நான் திணறும்போதெல்லாம் கயிறு இறுகும். உடம்பு மேலே வரும். நாளடைவில் குடுக்கை போயிற்று, கயிறும் போயிற்று. பிறகு ஒரு நாள், "அடிமண்ணு எடுத்துட்டு வாடா மருமகனே, அப்பத்தான் நீச்சல்காரன்" என்றார். காது அடைக்க முங்கிப் போய், இருட்டில் தடவி, ஒரு பிடி வண்டலோடு வந்து படிக்கல்லைப் பற்றிக் கையை விரித்தேன். ஐஸ்போலக் குளிர்ந்த அந்தச் சேற்றில் அழுகிய முட்டையின் வாடை அடித்தது. அந்த வாடை இன்றும் எனக்கு மனோதிடத்தின் வாடையாகவே இருக்கிறது.

அலைச்சறுக்கு என்றால் பலகைமேல் நிற்பது என்றே கரையிலிருந்து காண்போர் எண்ணுகிறார்கள். நீரில் வீரர்கள் கழிக்கும் நேரத்தை அளந்தவர்களோ, ஏறத்தாழப் பாதி நேரம் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலித்துச் செல்வதிலும், மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதிலும் கழிகிறதென்றும், நிற்கும் நேரம் நூற்றில் பத்துப் பங்குகூட இல்லையென்றும் கண்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டு மாத காலம் என் தேகப்பயிற்சி தோளையும் முதுகையும் சுவாசத்தையும் பற்றியதாகவே இருந்தது. விடியுமுன் களத்துமேட்டில் ஒன்பதடி நீளத்துக்குக் குச்சியால் பலகையின் உருவத்தைக் கீறி, அதற்குள் மார்பு பதியப் படுத்து, தலையை மட்டும் நிமிர்த்தி, வெறுங்காற்றை இரு கைகளாலும் மாறி மாறி வலித்து, பின்பு உள்ளங்கைகளை விலாவருகே ஊன்றி, ஒரே துள்ளலில் இரு பாதங்களையும் கோட்டுக்குள் கொண்டுவந்து முழங்கால் மடங்க நிற்பேன். முழங்காலை ஊன்றி எழுவது சுலபம். ஆனால் அந்தப் பழக்கம் படிந்துவிட்டால், அலை அதற்கு அவகாசம் தராது. நாற்பதாம் முறை எழும்போது கரிசல் புழுதி வியர்வையில் குழைந்து மார்பெங்கும் அப்பியிருக்கும். அதன்பின் கிணறு. முங்கி மூச்சடக்கும் அப்பியாசத்தை யாரும் தனியே செய்யலாகாது. மேலே ஒருவர் கண்கொட்டாமல் நின்றாக வேண்டும். எனக்கு என் தம்பி நின்றான்.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலையில் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்டேன். எட்டயபுரத்துக்கப்பாலும் கூடவே வந்த கரிசல், தூத்துக்குடியை நெருங்க நெருங்க வெளிறி உப்பளமாயிற்று. ஆத்தூரில் தாமிரபரணி வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பசுமை காட்டிற்று. திருச்செந்தூரைத் தாண்டியதும் செம்மணல் தேரியும் பனைகளும். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வரும் அதே மேல்காற்றை இந்தக் கரையில் கச்சான் என்கிறார்கள்.

மணப்பாட்டில், கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலும், அதன் கீழே, 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இருக்கின்றன. இந்தக் கரைக்காரர்கள் அந்நாளில் கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்கி, அடக்கிய ஒரு மூச்சுக்குள் சிப்பி அள்ளியவர்கள். மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கு. தமக்கையின் தாலி எவன் கையில் பத்திரமாயிருக்கும் என்று எத்தனை நுட்பமாக யோசித்திருக்கிறார்கள்!

எனக்குக் கற்பித்தவர் அவ்வூர் இளைஞர் ஒருவர். முதல் நாளே என் குறை வெளிப்பட்டது. முப்பதடி விட்டமுள்ள கிணற்றில் எவனும் தோள் வலிக்க நீந்தியதில்லை. களத்துமேட்டில் வலித்த காற்றுக்குக் கனமுமில்லை. கால்மணி நேரத்தில் கைகள் சோர, உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்துவிட்ட ஓர் அலை, காலிடறியதுபோல் முன்சாய்ந்து என்மேல் உடைந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கணுக்காலில் பூட்டியிருந்த வார் வெடுக்கென்று இழுபட, என் உடம்பு அந்தக் கணத்தில், கயிறு இறுகிவிட்டது, மாமா தூக்கிவிடுவார் என்று எண்ணிக் காத்திருந்தது. வாரின் மறுமுனையில் இருந்ததோ அலை அடித்துக்கொண்டுபோகும் பலகை. கைகால்களை உதறி நீரோடு மல்லுக்கட்டினேன். அந்தப் போராட்டமே இருந்த மூச்சையெல்லாம் தின்றுவிட்டது.

"தண்ணி உருட்டும்போது எதிர்க்காதீங்கண்ணே. கையால தலையை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க. அதுவா விட்டிரும்" என்றார் அவர், இருமிக்கொண்டிருந்த என் முதுகைத் தடவியபடி.

கேட்கச் சிறிய வார்த்தை. தேகத்துக்கு அதைக் கற்பிக்க மூன்று நாள் பிடித்தது. உருளும்போதெல்லாம் கிணற்றடி இருட்டை மனத்தில் நிறுத்தி, கயிறில்லாமல் வண்டலைத் தடவிய விரல்களை நினைத்து, சிந்தையை அடக்கிக் கிடந்தேன். எத்தனை நெடிதாகத் தோன்றினாலும் அலை சில விநாடிகளில் விட்டுவிட்டது.

நான்காம் நாள் காலையில், பின்னாலிருந்து பலகையைத் தூக்கிய ஓர் அலையின்மேல், களத்துக் கோட்டுக்குள் எழுவதுபோலவே எழுந்தேன். முழங்கால் மடங்கியிருந்தது, மணற்குன்றும் கோயிலும் பக்கவாட்டில் நகர்ந்தன. ஐந்தாறு விநாடிதான்; அலை மெலிந்து என்னை இறக்கிவிட்டது. கரையிலிருந்து அவர் கைகாட்டினார். நான் பலகையைத் திருப்பி, மார்பு பதியப் படுத்து, மறுபடியும் நீரை வலிக்கத் தொடங்கினேன்.